‘கலர் கம்மி’ என்ற பேச்சு காதில் விழுவதற்கு முன்: தில்லியில் கறுப்பு நிறக் குழந்தையை வளர்ப்போருக்கு

இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஒருநாள் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அப்பா, அம்மா, பாட்டி, அவள், ஆர்.கே. புரம் குடியிருப்பின் மாடிக் கொடியில் காயும் துணிகள் என எல்லாம் சரியாகவே இருந்தன. நால்வருடைய முகமும் கைகால்களும் மட்டும் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தன. ஏன் இந்த நிறம் என்று கேட்டேன். “இதுதாம்மா ஸ்கின் கலர்” என்று சொல்லி, பெட்டியிலிருந்து அந்தக் கிரேயான் துண்டை எடுத்துக் காட்டினாள். அதைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நல்ல கறுப்பு.

அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் ‘சதை’ என்ற பெயரில் விற்றுவந்த வண்ணத்துக்கு 1962ஆம் ஆண்டிலேயே ‘பீச்’ என்று பெயர் மாற்றிவிட்டது. நம் குழந்தைகளின் வாயில் அந்தப் பழைய பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தன்னைப் போன்ற நிறமுடையவர்களே சுற்றிலும் இருப்பார்கள். தில்லியிலோ வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் அதில் மிகக் கறுப்பான பிள்ளை பெரும்பாலும் நம் பிள்ளைதான். அதனுடன் ‘மதராசி’ என்ற பட்டமும் சேர்ந்துகொள்கிறது. இந்த நிலையில் குழந்தையின் தன்மதிப்பைக் காப்பது எப்படி என்பதை, நிறத்தின் பெயரால் நம்மைவிடப் பன்மடங்கு துன்பப்பட்ட அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவற்றிலிருந்தும் என் வீட்டு அனுபவத்திலிருந்தும் இங்கே எழுதுகிறேன். அடிமை முறையையும் சட்டமாகவே இருந்த நிறப் பிரிவினையையும் கடந்துவந்த அவர்களுடைய வரலாறும் நம்முடையதும் ஒன்றல்ல. அவர்களிடமிருந்து வழிமுறையை மட்டுமே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1940களில் 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளுக்கு முன்னால், நிறத்தைத் தவிர வேறெந்த வேறுபாடும் இல்லாத நான்கு பொம்மைகளை வைத்தார்கள். விளையாட எது வேண்டும் என்று கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் கேட்டன. ‘கெட்டதாகத் தெரியும் பொம்மை எது’ என்றபோது பாதிக்கும் மேற்பட்டவை பழுப்புப் பொம்மையைக் காட்டின. கடைசியாக, ‘உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு’ என்றதும் சில குழந்தைகள் அழுதுவிட்டன. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் இவர்களுடைய ஆய்வும் சுட்டப்பட்டது. நமக்கு இதில் முக்கியமானது வயது. எந்தத் தாயும் தன் குழந்தைக்கு வெள்ளையே நல்லது என்று உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள். ஆனாலும் மூன்று வயதிலேயே அந்தப் பாடம் குழந்தையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே பள்ளியில் யாராவது ஏதாவது சொல்லட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தாமதம்.

முதலில் வீட்டுத் தமிழ்

வெளியாரைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் வீட்டில் புழங்கும் தமிழைச் சற்று உற்றுக் கேட்க வேண்டும். ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் வெளுப்பு என்று பொருள். ‘கொஞ்சம் கலர் கம்மி’ என்றால் கறுப்பு. உண்மையில் நிறமி கூடுதலாக இருப்பதைத்தான் நாம் ‘கம்மி’ என்கிறோம். அதாவது நிறம் என்ற சொல்லுக்கே வெளுப்பு என்று பொருள் கொடுத்துவிட்டோம். எதையும் எழுத்துக்கு எழுத்து பொருள்கொள்ளும் ஐந்து வயதுக் குழந்தை இதைக் கேட்டால், தன்னிடம் ஏதோ ஒன்று குறைவாக இருக்கிறது என்றுதான் புரிந்துகொள்ளும்.

அதைவிடக் கூர்மையானது ஓர் ‘உம்’. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று அத்தையோ பெரியம்மாவோ அன்போடுதான் சொல்கிறார்கள். களை என்ற பாராட்டு காதில் விழுவதற்கு முன்பே ‘இருந்தாலும்’ விழுந்துவிடுகிறது. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்ற பழமொழியும் எனக்கு உவப்பானதல்ல. அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டித் தின்பவருக்குச் சொல்லும் ஆறுதலைக் குழந்தைக்கும் சொல்கிறோம். யாரும் குறை சொல்லாத இடத்தில் ஆறுதல் சொன்னால், குறை இருப்பதாகத்தான் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு மாற்று, நிறத்தைப் பற்றிப் பேசாமலே இருப்பதன்று. நிறத்தை நிறமாகவே சொல்லிப் பழக வேண்டும்: ‘பாப்பா கறுப்பு, தாத்தா கறுப்பு, சித்தி மாநிறம், மாமா சிவப்பு’ என்று, சட்டையின் நிறத்தைச் சொல்வது போன்ற சாதாரணக் குரலில். கறுப்பு என்ற சொல்லை வீட்டில் தாழ்ந்த குரலில் சொன்னால், தெருவில் அது உரத்த குரலில் வரும்போது குழந்தை நடுங்கும். நம் மொழியிலேயே இதற்கான பழைய வளம் உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் இயற்கை அழகுக்கு ‘மாமை’ என்று பெயர். மாந்தளிரைப் போன்ற, கருமை கலந்த மினுமினுப்பு அது. பிரிவுத் துயரால் அவள் மேனி வெளிறிப் போவதுதான் ‘பசலை’. அதை நோய் என்றுதான் அந்தப் பாடல்கள் சொல்கின்றன. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இதைச் சொன்னால் ரசிக்கும். சின்னக் குழந்தைக்கு வேண்டாம். அதற்கு உங்கள் குரல் போதும்.

தாத்தா பாட்டியைத் திருத்துவது எப்படி என்பதுதான் பலருக்குச் சிக்கல். குழந்தையின் முன்னால் பெரியவர்களைக் கடிந்துகொண்டால், பாட்டி திட்டு வாங்கியதற்குக் காரணம் தன் நிறமே என்று அது நினைத்துக்கொள்ளும். நான் என் மாமியாரிடம் தனியாக, ஒரே ஒரு வேண்டுகோளாகத்தான் சொன்னேன்: “அம்மா, அவளைக் கொஞ்சும்போது நிறத்தைச் சேர்க்காம கொஞ்சுங்களேன்.” அவருக்கு வருத்தம்தான், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், தன் திருமணத்தின்போது தன்னை யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று அவராகவே ஒரு மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

‘நான் மட்டும் ஏன் கறுப்பு?’

இந்தக் கேள்வி நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் வந்துவிடும். ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று வாயை அடைப்பதும், ‘நீ கறுப்பே இல்லடா செல்லம்’ என்று மறுப்பதும் ஒரே விளைவைத்தான் தரும். முதல் வகைப் பதில் கறுப்பை வெட்கத்துக்குரியதாக்குகிறது. இரண்டாம் வகைப் பதில், கண்ணாடி காட்டுவதை அம்மா இல்லை என்கிறாளே என்ற குழப்பத்தை உண்டாக்குகிறது.

உண்மையான பதிலே சுவையானது. எல்லா மனிதர்களின் தோலிலும் மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்கும் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சிலருடைய செல்கள் அதை அதிகமாகவும் பெரிய மணிகளாகவும் உண்டாக்குகின்றன. அவர்கள் கறுப்பாக இருக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் உடலுக்குள் சென்று கெடுதல் செய்யாதபடி அந்த மணிகள் காக்கின்றன. ‘நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்; அங்கே வெயில் அதிகம். தாத்தாவோட தாத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் உடம்பே ஒரு குடை தயார் பண்ணிக் கொடுத்தது. அந்தக் குடைதான் உனக்கும் வந்திருக்கு’ என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியும். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதமும் அதே கேள்வி வரும்.

வண்ணமும் பொம்மையும்

அந்தப் படத்தைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். கிரேயானை ஒதுக்கிவிட்டுப் போஸ்டர் கலர் புட்டிகளை எடுத்துக்கொண்டு சன்னல் ஓரமாக உட்கார்ந்தோம். பழுப்பில் கொஞ்சம் மஞ்சளும் துளி சிவப்பும் கலந்து, அந்தக் கலவையை அவளுடைய புறங்கையில் ஒரு பொட்டாக வைத்துப் பார்த்தோம். முதலில் செங்கல் போல இருந்தது. நீலம் ஒரு துளி சேர்த்ததும் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் பழுப்பு. ஏழாவது எட்டாவது பொட்டில், கையை எட்டப் பிடித்துப் பார்த்தபோது பொட்டு எங்கே என்று தெரியவில்லை. அவள் கத்திய கத்தலில் பாட்டி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். பிறகு பாட்டிக்கு ஒரு கலவை, அப்பாவுக்கு ஒரு கலவை. உள்ளங்கை வேறு நிறம், முழங்கை வேறு நிறம் என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் நானே கவனித்தேன். இதற்கு ஆன செலவு நூறு ரூபாய்க்குள். புட்டிகளின் மீது பெயர் எழுதி வைத்தால், அடுத்த தடவை குடும்பப் படம் வரையும்போது குழந்தை அவற்றைத்தான் தேடும்.

கறுப்புப் பொம்மைக்காக இணையத்தில் தேடி அலைபவர்கள் முதலில் நவராத்திரிப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். கொலுவில் மேல் படியில் வைக்கும் மரப்பாச்சி ஜோடி செம்மரத்திலோ கருங்காலியிலோ கடையப்பட்டது. கரிய நிறம், தீர்க்கமான மூக்கு, எந்த ஒப்பனையும் வேண்டாத முகம். நம் பாட்டிமார் சிறுமிகளாக இருந்தபோது துணி சுற்றி விளையாடிய பொம்மை அதுதான். அமெரிக்காவில் பார்பி என்ற பெயரையே தாங்கிய முதல் கறுப்புப் பொம்மை 1980இல்தான் கடைக்கு வந்தது; நம்மிடமோ அது தலைமுறை தலைமுறையாகக் கல்யாணச் சீரில் வந்துகொண்டிருக்கிறது. ஆண்டில் பத்து நாள் மட்டும் படியில் ஏற்றிவிட்டு மற்ற நாளெல்லாம் பழைய வேட்டியில் சுருட்டிப் பரணில் போட்டால் பயனில்லை. ஒரு ஜோடியை விளையாட்டுக்கென்றே கொடுத்துவிடுங்கள். உடைந்துபோகும் என்ற கவலை வேண்டாம். சுவரில் அடித்தாலும் உடையாது, சுவர்தான் பெயரும்.

புத்தகங்களில் கவனிக்க வேண்டியது ஒன்றே: கறுப்பாக வரையப்பட்ட பாத்திரம் கதையில் என்ன செய்கிறது? எப்போதும் கேலிக்கு ஆளாகி இறுதியில் மன்னிக்கப்படும் பாத்திரமாகவே இருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். கறுப்பான சிறுமி மழையில் நனைகிறாள், பூனை வளர்க்கிறாள், கணக்கில் தப்பு செய்கிறாள் என்று நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போகும் கதைகளே அதிக நன்மை செய்யும்.

வெயில், மாவு, களிம்பு

‘வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே’ என்ற ஒரு வாக்கியத்தால் நம் பெண்குழந்தைகள் இழந்த விளையாட்டு கொஞ்சமல்ல. தில்லியில் மே, ஜூன் மாதங்களில் அனல்காற்று வீசும் நண்பகலில் குழந்தையை வெளியே விடக் கூடாது என்பது சரி. அப்போது ‘மயக்கம் வரும்’ என்று உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். டிசம்பர் வெயிலில் ஆடும் குழந்தையை நிறத்துக்காக உள்ளே கூப்பிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கர்ப்பிணி குங்குமப்பூப் பால் குடிப்பதால் குழந்தையின் நிறம் மாறாது. அதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. பச்சைக் குழந்தையைக் கடலை மாவு போட்டுத் தேய்ப்பதால் மென்மையான தோல் புண்ணாவதைத் தவிர வேறு பலன் இல்லை. களிம்புகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து, பருக்கள் வந்து, நிறுத்தினால் எரிச்சல் கூடும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் விதி வந்தது. ஆயினும் கடையில் கேட்டால் கிடைத்துவிடுவதுதான் நடைமுறை. 1975இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்து ‘குளோ’ ஆக்கிக்கொண்டது. கறுப்பானவர்களை அழகற்றவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் நெறிமுறை வகுத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் மாறியதால் வீட்டு அலமாரி மாறிவிடுவதில்லை. அம்மா நாள்தோறும் கண்ணாடி முன் நின்று எதைப் பூசிக்கொள்கிறாள் என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் என் அலமாரியையும் நான் திறக்க வேண்டியிருந்தது.

பள்ளியில்

ஒருநாள் அது வரும். ‘காலீ கலூட்டி, பேங்கன் லூட்டி’ என்று, கறுப்பான பெண்ணைக் கேலி செய்யும் ஒரு பழைய எதுகைப் பாட்டு இந்தியில் உண்டு. வட இந்தியக் குழந்தைகளுக்கு அதை யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. என் மகள் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று எதுவும் சொல்லவில்லை; குளியலறையில் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தபோது பாத்திரம் துலக்கும் நார் அவள் கையில் இருந்தது.

அன்றைக்கு நான் செய்த பிழை, உடனே பேச ஆரம்பித்ததுதான். ‘அவங்க கெடக்கறாங்க, நீ கண்டுக்காதே’ என்றேன்; அவள் வாயை மூடிக்கொண்டாள். குழந்தை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நாம் பேசக் கூடாது. ‘என்ன சொன்னாங்க? யார் யார் இருந்தாங்க? அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?’ என்ற மூன்று கேள்விகள் போதும். பிறகு, ‘அவங்க சொன்னது தப்பு; உன்மேல தப்பு இல்ல’ என்ற தெளிவான தீர்ப்பைக் குழந்தை உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

அடுத்தது, பதில் சொல்லப் பழக்குவது. நாம் தமிழில் ஆறுதல் சொல்கிறோம். கேலியோ இந்தியில் வருகிறது. ஆகையால் பதிலும் இந்தியிலேயே நாக்கில் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் பழகியவை இவை: ‘மேரா ரங் ஹை, முஜே பசந்த் ஹை’ – என் நிறம், எனக்குப் பிடித்திருக்கிறது, ‘மேரா நாம் லே கே புலாவ்’ – என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. நானே கேலி செய்யும் பையனாக நடித்தேன். அவள் இடுப்பில் கைவைத்துப் பதில் சொன்னாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பத்தாம் தடவை குரல் நடுங்காமல் உறுதியாக நின்றது. ‘மதராசி’ என்பதற்கும் இப்படியே: ‘மை தமிழ் ஹூம்’ – நான் தமிழ் – என்றால் போதும். திருப்பிக் கேலி செய்யக் கற்றுக்கொடுக்காதீர்கள். அதில் நம் பிள்ளை தோற்றால் இரட்டை அவமானம், வென்றால் இன்னொரு பிள்ளைக்கு அதே காயம்.

ஒரே பிள்ளையிடமிருந்து மீண்டும் வந்தால் ஆசிரியரிடம் போக வேண்டும். வாய்மொழியாக அல்ல, எழுத்தில். தேதி, சொன்ன சொல், நடந்த இடம், நீங்கள் கேட்பது என்ன என்ற நான்கையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். தண்டனையைக் கேட்காதீர்கள், வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக நிறத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தும்படி கேளுங்கள். எங்களுக்கு முதலில் கிடைத்த பதில் ‘பச்சே ஹைம், ஹோத்தா ஹை’ என்பதுதான். குழந்தைகள்தானே, நடப்பதுதான் என்று பொருள். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அந்த ஆசிரியையே என்னை அழைத்துப் பேசினார். ஆண்டுவிழா நாடகத்தில் பாத்திரங்கள் பிரிக்கப்படும்போதும் கவனியுங்கள்: வெளுத்த குழந்தைகள் தேவதைகளாகவும் நம் பிள்ளைகள் அரக்கர்களாகவும் மரங்களாகவும் வருடந்தோறும் நின்றால் அதையும் எழுதிக் கேட்கலாம். பள்ளிப் புகைப்பட நாளன்று முகம் சாம்பல் பூக்கும்படி பவுடர் அப்பி அனுப்பும் நம் வழக்கத்தையும் அப்படியே நிறுத்திவிடலாம்.

குழந்தை தோலைத் தேய்ப்பது, புகைப்படம் எடுத்துக்கொள்ள மறுப்பது, பள்ளி என்றாலே வயிற்றுவலி என்பது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம்.

பெருமையை எங்கிருந்து ஊட்டுவது

கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன: தம் மக்களின் வரலாற்றையும் கலையையும் அறிந்து வளரும் பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு கூடுகிறது, ‘வெளியே எல்லாரும் பகைவர், யாரையும் நம்பாதே’ என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. கார்ட்டர் வுட்ஸன் என்ற வரலாற்றறிஞர் 1926இல் பிப்ரவரியில் ஒரு வாரத்தைக் கறுப்பின வரலாற்றுக்கென ஒதுக்கத் தொடங்கியதும், 1976இல் அது ஒரு மாதமாக விரிந்ததும் இந்தத் தேவையால்தான்.

தில்லியில் நமக்கும் இடங்கள் உண்டு. 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. 1973இல் குடமுழுக்குக் கண்ட முருகன் கோயிலான மலை மந்திருக்கு நாங்கள் மாதம் ஒருமுறை போவதுண்டு. இங்குள்ள மற்ற கோயில்களில் வெள்ளைப் பளிங்குச் சிலைகளையே பார்த்துப் பழகியிருந்த என் மகள், கருங்கல் மூலவரைப் பார்த்துவிட்டு, “நம்ம சாமி என்னை மாதிரி” என்றாள். நான் விளக்க உரை எதுவும் சொல்லவில்லை. இத்தகைய இடங்களில் பெரியவர்கள் பேசாமல் இருப்பதே நல்லது. அதேபோல, பாராட்டு முழுவதையும் தோற்றத்தில் கொண்டுபோய்க் குவிக்காதீர்கள். ‘கறுப்பழகி’ என்று நாளுக்கு நான்கு முறை சொல்வதும் நிறத்தையே பேசுவதுதான். சைக்கிளில் சமநிலை வந்த நாளையும், சண்டை போட்ட தோழியிடம் தானே போய்ப் பேசிய நாளையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘நாம கறுப்புதான், ஆனா அவங்களை மாதிரி இல்ல’ என்று, நிறத்தின் வழியே சாதியைப் பேசும் குரல் நம் வீடுகளில் உண்டு. இன்னொருவரைக் கீழே நிறுத்தி அதன்மேல் ஏறி நிற்கும் பெருமை குழந்தைக்கு வேண்டாம். தில்லியில் இதைச் சோதித்துப் பார்க்கும் இடம், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து கிட்கி, சத்தர்பூர் பகுதிகளில் வாழும் மக்களோடு நாம் பழகும் விதம். 2014 ஜனவரியில் கிட்கியில் ஆப்பிரிக்கப் பெண்களை நள்ளிரவில் ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. 2016 மே மாதம் வசந்த் குஞ்சில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். தெருவில் அவர்களைக் காட்டி, ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் ‘ஹப்ஷி’ என்ற சொல்லைச் சொல்லிச் சிரிப்பவர்களில் ‘மதராசி’ என்று கேலி வாங்கிய நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் மெட்ரோவில் எங்களுக்கு எதிர் இருக்கையில் நைஜீரியத் தாயும் மகளும் இருந்தார்கள். மகளின் தலையில் மெல்லிய பின்னல்கள் ஐம்பது, அறுபது இருக்கும். என் மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். ‘முறைச்சுப் பாக்காதே’ என்று அதட்டுவதற்குப் பதிலாக, “போய் ஹலோ சொல்லிட்டு, அனுமதி கேட்டுட்டுப் பக்கத்துல பாரு” என்றேன். பின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று இவள் இந்தியில் கேட்டாள். அந்தச் சிறுமி இவளைவிடச் சுத்தமான இந்தியில், நான்கு மணி நேரம், இரண்டு வாரம் தாங்கும், தொடுவது மட்டும் தனக்குப் பிடிக்காது என்றாள். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். இறங்கும்போது அந்தச் சிறுமி இவளுடைய ஒற்றைச் சடையைக் காட்டி, இதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்டாள். “அஞ்சு நிமிஷம், அம்மா அவசரத்துல இருந்தா ரெண்டு” என்றாள் இவள்.